பெத்லகேம் ஆலயத்தின் பட்டா யார் பெயரில்?

இயேசு பிறந்த இடம் என்று வணங்கப்படும் பெத்லகேம் ஆலயம் எந்தச் சபைக்குச் சொந்தம், அங்கே துறவியர் துடைப்பத்தால் அடித்துக்கொண்டது ஏன், இடத்தை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுத்தால் தகராறு தீராதா என்பவை கேள்விகள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இடம் ஏற்கெனவே பிரிக்கப்பட்டுத்தான் இருக்கிறது. ஆனால் சுவர் வைத்தோ அளந்து கல் நட்டோ பிரிக்கவில்லை. எந்தப் படியை யார் பெருக்குவது, எந்த விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுவது, எந்த வாசல் வழியாக யார் எந்த நாளில் நடந்து போவது என்கிற வழக்கங்களால் பிரித்திருக்கிறார்கள். கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை, ஆர்மீனிய அப்போஸ்தலிக்க சபை, கத்தோலிக்கர் சார்பில் பிரான்சிஸ்கன் துறவியர் என மூன்று தரப்பினர் இதை அனுபவித்து வருகிறார்கள். அங்கே கத்தோலிக்கரை இலத்தீனர் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். மூவருக்கும் பொதுவான ஒரே பத்திரம் கிடையாது. நம் ஊர் நிலவழக்குகளில் அனுபவ பாத்தியதை என்பார்களே, அதுதான் இங்கே ஆதாரம். இது புரிந்தால் துடைப்பச் சண்டையும் புரியும், கூரை ஏன் பல காலம் ஒழுகியது என்பதும் புரியும்.

முதலில் கட்டடத்தின் கதை. பெத்லகேமில் ஒரு குகையில் இயேசு பிறந்தார் என்று 2ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே புனித யுஸ்தீன் எழுதியிருக்கிறார். நற்செய்தி நூல்களில் குகை என்ற சொல் இல்லை, ஆனால் அந்த மலைப்பகுதியில் குகையையே தொழுவமாக வைத்துக்கொள்வது வழக்கம். பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆட்சியில் அவருடைய தாய் ஹெலெனா புனித பூமிக்கு வந்ததை அடுத்து, குகைக்கு மேலே முதல் ஆலயம் எழுந்தது. 333இல் பிரான்சின் போர்தோ நகரிலிருந்து வந்த பெயர் தெரியாத பயணி ஒருவர், கான்ஸ்டன்டைன் ஆணைப்படி கட்டிய ஆலயம் இங்கே இருப்பதாகக் குறித்து வைத்திருக்கிறார். 339இல் அது நேர்ந்தளிக்கப்பட்டது. 386இல் புனித ஜெரோம் பெத்லகேமுக்கு வந்து குடியேறினார். விவிலியத்தின் பெரும்பகுதியை இலத்தீனில் அவர் மொழிபெயர்த்தது இங்கேதான்.

இன்று நாம் பார்ப்பது அந்த முதல் கட்டடம் அல்ல. 6ஆம் நூற்றாண்டுச் சமாரியர் கிளர்ச்சியில் அது சேதமடைந்து, பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் இன்னும் பெரிதாகக் கட்டப்பட்டது. கிழக்குப் பக்கம் மூன்று இலைபோல விரியும் மூன்று அரைவட்டங்கள், இளஞ்சிவப்புச் சுண்ணாம்புக்கல் தூண்கள் 50, நடுக்கூடத்தின் இருபுறமும் இரட்டை வரிசை, எல்லாம் அந்தக் காலத்து அமைப்புதான். பழைய ஆலயத்தின் மொசைக் தரை இப்போதைய தரைக்குச் சுமார் 60 செ.மீ. கீழே கிடக்கிறது. 1934இல் ஆங்கிலேயர் தோண்டியபோது அது வெளிப்பட்டது. மரக்கதவைத் தூக்கினால் கீழே தெரியும்படி விட்டிருக்கிறார்கள்.

இந்தக் கட்டடம் தப்பிப் பிழைத்ததே பெரிய சங்கதி. 614இல் பாரசீகப் படை புனித பூமியின் ஆலயங்களை அழித்தபோது இதை மட்டும் விட்டுவிட்டது. முகப்பில் இருந்த, குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த மூன்று ஞானிகளின் படம் பாரசீக உடையில் இருந்ததால் படைவீரர் தயங்கினார்கள் என்பது 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்ட மரபுக் கதை. இஸ்லாமியர் ஆட்சி வந்ததும் கலீபா உமர் இங்கே வந்து தெற்கு அரைவட்டத்தில் தொழுதார் என்பது இன்னொரு மரபு. 1009இல் கலீபா அல்ஹாக்கிம் எருசலேமின் திருக்கல்லறை ஆலயத்தை இடிக்கச் சொன்னபோதும் பெத்லகேமுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிலுவைப் போர்க்காரர்கள் வந்த பிறகு 1100 கிறிஸ்துமஸ் அன்று முதலாம் பால்ட்வின் இங்கேதான் முடிசூடினார். சுவர்களில் மின்னும் பொன் மொசைக் 1169 வாக்கில் முடிந்தது. அதற்கான கல்வெட்டில் கிரேக்கப் பேரரசர் மனுவேல், எருசலேமின் இலத்தீன் மன்னர் அமால்ரிக், பெத்லகேம் ஆயர் ரால்ஃப் ஆகிய மூவர் பெயரும் சேர்ந்து வருகின்றன. இலத்தீனரும் கிரேக்கரும் ஒரே சுவருக்குச் சேர்ந்து வேலை செய்த காலமும் உண்டு என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி. உள்வாசலின் மரக்கதவில் 1227ஆம் ஆண்டு ஆர்மீனியச் செதுக்கு வேலையும், ஆர்மீனியத்திலும் அரபியிலும் எழுத்துகளும் இருக்கின்றன. மூன்று சபைகளும் ஏதோ ஒரு விதத்தில் 'நாங்களும் கட்டினோம்' என்று சொல்ல இடம் இருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

கிரேக்கர்கள் ஆதியிலிருந்தே இங்கிருப்பவர்கள். பிரான்சிஸ்கன் துறவியர் 1347இல் பெத்லகேமில் நிலைகொண்டார்கள். 1480 வாக்கில் கூரை பழுதானபோது மரம் வெனிஸிலிருந்தும் ஈயம் இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டிடமிருந்தும் வந்தன. 1517இல் உதுமானியர் ஆட்சிக்குப் பிறகு கதை மாறியது. சுல்தானின் ஃபர்மான் என்கிற ஆணைதான் இனி உரிமை. அந்த ஆணை இஸ்தான்புல்லில் யாருக்குச் செல்வாக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆலயம் கிரேக்கர் பக்கம் போனது. 1690இல் பிரான்சு தூதரின் முயற்சியால் இலத்தீனருக்குத் திரும்பியது. 1757இல் மறுபடி கிரேக்கருக்கு. அந்த 1757 நிலைதான் சிற்சில மாற்றங்களுடன் இன்றுவரை நிற்கிறது. ஒவ்வொரு முறையும் தோற்றவர் வெளியே போகவில்லை, ஒரு பீடத்தையோ ஒரு வழியையோ பிடித்துக்கொண்டு அடுத்த ஃபர்மானுக்குக் காத்திருந்தார். இன்றைய சிக்கலான பங்கீடு இப்படிப் படிந்த வண்டல்தான்.

இனி நட்சத்திரம். குகையின் கிழக்குக் கோடியில் ஒரு பீடம், அதன் அடியில் பளிங்குத் தரையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம். அதைச் சுற்றி இலத்தீனில் 'இங்கே கன்னி மரியாளிடம் இயேசு கிறிஸ்து பிறந்தார்' என்று எழுதி 1717 என்று ஆண்டு போட்டிருக்கும். எழுத்து இலத்தீனில் இருந்ததே ஒரு பாத்தியதைச் சான்று. 1847 அக்டோபரில் அந்த நட்சத்திரம் காணாமல் போனது. கிரேக்கர்தான் பெயர்த்தார்கள் என்று இலத்தீனர் குற்றம்சாட்டினர். பிரான்சு இலத்தீனருக்கும் ரஷ்யா ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கும் துணை நின்றன. சுல்தான் அப்துல்மஜீத் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு, 1852இல் ஒரு ஃபர்மான் எழுதினார். 1757இலிருந்து இருப்பது அப்படியே இருக்கட்டும் என்பது அதன் சாரம். கூடவே ஆலயத்தின் பெரிய வாசலுக்கும் குகை வாசல்களுக்கும் ஒவ்வொரு சாவி இலத்தீனருக்குக் கொடுக்கப்பட்டது. சாவி கிடைத்ததே தவிர நடுக்கூடத்தில் வழிபாடு நடத்தும் உரிமை கிடைக்கவில்லை. கடந்துபோகலாம், அவ்வளவுதான். வழிநடை பாத்தியம்.

காணாமல் போன நட்சத்திரத்துக்குப் பதிலாகச் சுல்தானே புதிதாக ஒன்று கொடுத்தார். பழையதைப் போலவே, 1717 என்ற அதே ஆண்டுடன். ஆனால் அது தன்னுடைய நன்கொடை, இதனால் எந்தச் சபைக்கும் புது உரிமை பிறக்காது என்று ஆணையில் கவனமாக எழுதிவைத்தார். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், கூரைக் கதையில் இதே உத்தி திரும்ப வரும்.

சாவியும் நட்சத்திரமும் 1852 டிசம்பரில் இலத்தீனர் கைக்கு வந்தன. அடுத்த ஆண்டு ரஷ்யா தன் படையை டான்யூப் ஆற்றங்கரைக்கு அனுப்பியது, கிரிமியப் போர் மூண்டது. நட்சத்திரத்துக்காகவே போர் நடந்தது என்று எழுதுவது மிகை. உதுமானியப் பேரரசின் எதிர்காலம் யார் கையில் என்பதுதான் உள்விவகாரம். ஆனால் சண்டைக்குக் கொடுத்த காரணச் சீட்டில் பெத்லகேமின் பெயர் இருந்தது உண்மை. 1878 பெர்லின் ஒப்பந்தத்தின் 62ஆம் பிரிவு, புனித இடங்களில் நிலவும் நிலையை மாற்றக்கூடாது என்று பன்னாட்டு ஒப்புதலோடு எழுதிவிட்டது. இதைத்தான் உலகம் 'ஸ்டேட்டஸ் கோ' என்கிறது. தமிழில் 'உள்ளது உள்ளபடி' என்றால் போதும். எருசலேமின் திருக்கல்லறை ஆலயம், மரியாளின் கல்லறை, ஒலிவ மலையின் விண்ணேற்ற இடம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஆலயச் சாவி இஸ்லாமியக் குடும்பங்களிடம் இருக்கிறது என்று பலர் பெத்லகேமையும் சேர்த்து எழுதுகிறார்கள். அது எருசலேம் திருக்கல்லறை ஆலயத்தின் கதை, இங்கே அப்படி இல்லை.

இந்த 'உள்ளது உள்ளபடி' விதிகளைச் சபைகளே ஒருமித்து எழுதிக் கையெழுத்திட்ட நூல் ஒன்றும் இல்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் எல்.ஜி.ஏ. கஸ்ட் என்ற அதிகாரி 1929இல் வழக்கங்களைத் தொகுத்து ஓர் அறிக்கை தயாரித்தார். தகராறு வந்தால் இன்றும் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். அதில் உள்ள அடிப்படை ஒன்றே. கூரையையோ தரையையோ பழுதுபார்க்க உரிமை உள்ளவர் அதன் உடைமையாளர். ஒரு தூணிலோ சுவரிலோ விளக்கு மாட்டவும், மாட்டிய படத்தை இடம் மாற்றவும் உரிமை இருந்தால் அந்தத் தூணும் சுவரும் அவருடையவை. அப்படியானால் ஆணி அடிப்பது சும்மா ஆணி அடிப்பதல்ல, உரிமை கோருவது. அதை மற்றவர் கண்டும் காணாமல் விட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பெருக்குவதும் அப்படித்தான். இந்த ஆண்டு ஒரு படியை அடுத்த சபைக்காரர் பெருக்கிவிட்டுப் போக நான் பேசாமல் இருந்தால், வரும் ஆண்டு 'போன வருஷமும் நாங்கள்தானே பெருக்கினோம்' என்பார்.

2011 டிசம்பர் 28 அன்று நடந்தது இதுதான். டிசம்பர் 25க்கும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸுக்கும் இடையில் ஆண்டுதோறும் ஆலயத்தைக் கழுவிப் பெருக்குவார்கள். கிரேக்கப் பகுதியும் ஆர்மீனியப் பகுதியும் சேரும் எல்லையில், உன் துடைப்பம் என் பக்கம் வந்துவிட்டது என்று தொடங்கி, ஏறத்தாழ 100 துறவியர் துடைப்பக் கட்டையோடு மோதிக்கொண்டார்கள். பாலஸ்தீனக் காவலர்கள் உள்ளே வந்து விலக்கினார்கள். 2007இலும் இதே சுத்தம் செய்யும் நாளில் கைகலப்பு நடந்தது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு வெட்கக்கேடாகத் தெரிகிறது, வருந்தத்தக்கதும்தான். ஆனால் அந்தத் துறவிக்குத் துடைப்பம் ஒரு சாசனம். தனக்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் காத்துவந்தவர்கள் ஒப்படைத்ததைத் தன் காலத்தில் ஒரு சாணாவது இழந்துவிடக்கூடாது என்ற பதற்றம் அது. கோபத்துக்குக் கீழே அந்தப் பதற்றம் இருப்பதை மறந்து சிரிப்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

இப்போது உள்ளே ஒரு சுற்று வந்து யாருக்கு எது என்று பார்த்துவிடலாம். ஆலயத்துக்கு முன்னால் உள்ள மாஞ்சர் சதுக்கத்திலிருந்து நுழையும் வாசல் சுமார் 1.2 மீட்டர் உயரம்தான். குனிந்துதான் போக வேண்டும், தாழ்மையின் வாசல் என்று பெயர். குதிரையும் வண்டியும் உள்ளே வராதபடி உதுமானியர் காலத்தில் சுருக்கியது. மேலே உற்றுப் பார்த்தால் சிலுவைப் போர்க்காலத்துக் கூர்வளைவும், அதைவிடப் பெரிய பழைய வாசலின் கல் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். உள்ளே நடுக்கூடமும் முதன்மைப் பீடமும் தெற்குச் சிறகும், அதாவது பீடத்துக்குத் தெற்கே நீளும் பக்கப் பகுதியும், கிரேக்கருடையவை. வடக்குச் சிறகு ஆர்மீனியருடையது. அதை ஒட்டி வடக்கே புனித கத்தரீனம்மாள் ஆலயம், இது முழுக்க இலத்தீனருடையது. இலத்தீனர் தங்கள் ஆலயத்திலிருந்து குகைக்கு வரும்போது ஆர்மீனியரின் சிறகைக் கடந்துதான் வடக்குப் படிக்கட்டை அடைய வேண்டும். நண்பகலில் பிரான்சிஸ்கன் துறவியர் பவனியாக இப்படி வருவதைப் பார்க்கலாம்.

குகை சுமார் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். ஒரு பெரிய வீட்டின் தாழ்வாரம் அளவுதான். அதற்குள்தான் பங்கீடு மிக நுணுக்கம். பிறப்புப் பீடத்தில் கிரேக்கரும் ஆர்மீனியரும் வழிபாடு நடத்துவார்கள், இலத்தீனருக்கு அங்கே திருப்பலி உரிமை இல்லை. ஆனால் அந்தப் பீடத்துக்கு அடியில் இருக்கும் நட்சத்திரம் இலத்தீனருடையது. அதன் மேலே தொங்கும் 15 விளக்குகளில் கிரேக்கருக்கு 6, ஆர்மீனியருக்கு 5, இலத்தீனருக்கு 4. எதிரே சில படி இறங்கினால் முன்னணை, அதாவது குழந்தை இயேசுவைக் கிடத்திய தீவனத் தொட்டி, இருந்த இடமும் ஞானிகளின் பீடமும், இவை இலத்தீனருக்கு மட்டும். குகையின் சுவர்த்திரைகளும் பாத்தியதைக்கு உட்பட்டவை. 1869இல் குகையில் தீப்பிடித்த பிறகு, 1874இல் பிரான்சு அதிபர் மக்மஹோன் எரியாத கல்நார்த் திரைகளை அனுப்பிவைத்தார். எண்ணெய் விளக்கும் துணியும் நெருக்கமாக இருக்கும் இடத்தில் தீ என்றும் ஆபத்துதான். 2014 மே மாதத்திலும் அங்கே சிறிய தீ விபத்து நடந்தது.

கூரைக்கு வருவோம். பெருக்குவதே உரிமை என்றால், கூரையைப் பழுதுபார்ப்பது எவ்வளவு பெரிய உரிமை! 1842இல் கிரேக்கர் பெரிய அளவில் பழுதுபார்த்தார்கள். அப்போது நடுக்கூடத்துக்கும் பீடப் பகுதிக்கும் இடையே ஒரு சுவரும் எழுப்பினார்கள். அதை 1918இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். அதன் பிறகு முழுமையான வேலை நடக்கவே இல்லை. ஈயத் தகடுகள் விரிந்து விலகி, மழைநீர் உள்ளே இறங்கியது. நீர் முதலில் கெடுப்பது உத்தரத்தின் நடுப்பகுதியை அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் நுனியை. அங்கே காற்று படாது, ஈரம் காயாது, மரம் உளுத்துப்போகும். பாரம் தாங்க வேண்டியதும் அந்த நுனிதான். கூடவே சுவர் வழியாக இறங்கிய நீர் மொசைக் ஒட்டியிருக்கும் காரையை ஊதச் செய்தது. சுமார் 2000 சதுர மீட்டர் இருந்த மொசைக்கில் 130 சதுர மீட்டர் அளவுதான் மிஞ்சியிருந்தது. மூவருக்கும் இது தெரியும். ஒருவர் செய்ய முன்வந்தால் மற்ற இருவரும் ஒப்பமாட்டார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்வதற்கில்லை, ஒப்பினால் கூரை போய்விடும் என்பதுதான் விதி.

முடிச்சு அவிழ்ந்தது சுல்தானின் பழைய உத்தியால். 2008இல் பாலஸ்தீன அதிபர் ஆணையால் ஒரு குழு அமைந்தது. வேலையை அரசு செய்யும், எந்தச் சபையின் உரிமையும் இதனால் கூடவோ குறையவோ செய்யாது என்ற நிலையில் மூன்று சபைகளும் சம்மதித்தன. இத்தாலிய வல்லுநர்கள் உத்தரம் உத்தரமாக ஆய்வு செய்தார்கள். 2012இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், அதே சமயம் ஆபத்தில் உள்ள சின்னமாகவும் அறிவித்தது. 2013இல் இத்தாலியின் பியாசென்டி நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மரத்தை மொத்தமாகக் கழற்றி எறியவில்லை. உளுத்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, பழைய மரத்தோடு பொருந்தும் முதிர்ந்த மரத்தை இணைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த ஆல்ப்ஸ் மலை லார்ச் உத்தரங்கள் பல இன்றும் பாரம் தாங்குகின்றன. பிறகு ஈயத் தகடு, சன்னல், சுவர், மொசைக், தூண் என்று மேலிருந்து கீழே வந்தார்கள். நீர்வரத்து நிற்காமல் கீழே அழகுபடுத்தினால் அத்தனையும் வீண் என்பதால்தான் இந்த வரிசை. 2016இல் வெப்பப் படக்கருவி சுவரில் பூச்சுக்கு உள்ளே ஏதோ இருப்பதைக் காட்டியது. பூச்சை எடுத்தபோது, வரிசையில் ஆறு பேராக நின்ற தேவதூதர்களோடு ஏழாவது தூதர் வெளியே வந்தார். 2019இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து ஆலயம் நீங்கியது.

பயணம் போகிறவர்களுக்கு இந்தப் பங்கீடு நேரடியாகப் பொருள்படும். கிறிஸ்துமஸ் இங்கே மூன்று முறை வரும்: இலத்தீனருக்கு டிசம்பர் 25, கிரேக்கருக்கு ஜனவரி 7, ஆர்மீனியருக்கு ஜனவரி 19. ஆர்மீனியர் பிறப்பையும் திருமுழுக்கையும் சேர்த்து ஜனவரி 6இல் கொண்டாடுபவர்கள், எருசலேம் பகுதியில் மட்டும் பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி அது 19க்குத் தள்ளிப்போகிறது. தொலைக்காட்சியில் வரும் நள்ளிரவுத் திருப்பலி நடப்பது பழைய பேராலயத்தில் அல்ல, பக்கத்துக் கத்தரீனம்மாள் ஆலயத்தில். அதற்கு நுழைவுச் சீட்டு வேண்டும், கட்டணம் இல்லை, பிரான்சிஸ்கன் துறவியரின் அலுவலகம் வழியாக முன்பே கேட்டு வாங்க வேண்டும். ஞாயிறு காலையில் கிரேக்கர் வழிபாடு இருக்கும்போது குகைக்குள் விடமாட்டார்கள், அன்று போவதானால் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். பெத்லகேம் எருசலேமிலிருந்து 10 கி.மீ.கூட இல்லை என்றாலும் இடையில் சோதனைச் சாவடி உண்டு, பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

குகைக்கு வழக்கமாகத் தெற்குப் படியில் இறங்கி வடக்குப் படியில் ஏறவிடுவார்கள். நட்சத்திரத்தைத் தொட மண்டியிடும் நேரம் சில விநாடிதான், பின்னால் வரிசை நிற்கும். அதனால் மண்டியிடும் முன்பே மேலே பார்த்து விளக்குகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஆறு, ஐந்து, நான்கு.